பெருமூச்சுக்கு எத்தனை புள்ளி?

எங்களில் சிலர் ஏதோ ஒரு காலத்தில் படிவம் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவர்கள். ஒரு படிவத்துக்கு இவ்வளவு எண்டு காசு, மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல், மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சல். பட்டப்படிப்பு முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற வன்னிப் பிள்ளைகளுக்கு அது ஒரு சீசன் தொழில். அப்படி முல்லைத்தீவுப் பக்கம் போன ஒரு வீட்டில், முற்றத்தில் உழுந்து காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்டோம்: “கடந்த ஒரு வாரத்தில், எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கை இழந்ததாக எவ்வளவுக்கு உணர்ந்தீர்கள்?”

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். “ஆற்ர எதிர்காலம் பிள்ளை? மூத்தவன்ரையோ, கடைசிப் பெட்டையின்ரையோ? என்ர எண்டால் அது முடிஞ்சு கனகாலம்.”

படிவத்தில் நாலு பெட்டி இருந்தது. ‘இல்லவே இல்லை’, ‘சிறிதளவு’, ‘கூடுதலாக’, ‘மிகக் கூடுதலாக’. மூத்தவனுக்கு ஒரு பெட்டி, கடைசிப் பெட்டைக்கு ஒரு பெட்டி எண்டு அதில் இல்லை. நாங்கள் மூன்றாவது பெட்டியில் சரி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனோம். அந்தச் சரி கொழும்பில் ஒரு மடிக்கணினியில் 3 என்று ஏறியிருக்கும். பிறகு மற்றக் கேள்விகளின் புள்ளிகளோடு கூட்டி, சராசரி எடுத்து, ஏதோ ஒரு அறிக்கையின் அட்டவணையில் ஒரு வீதத்துக்குள் கரைந்திருக்கும்.

அந்த 3ஐப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆய்வு முறையியல் படித்தவர்களுக்கு இது பழைய பாடம். உயரத்தை அளக்க ஒரு அளவுநாடா போதும். உயரம் எண்டால் என்ன எண்டு ஒருத்தரும் சண்டை பிடிக்கமாட்டினம். பயம், துக்கம், நம்பிக்கை, குடிப்பழக்கம் எல்லாம் அப்படியில்லை. அவற்றை மாறிகளாக்கி எண்ண வேண்டுமென்றால் முதலில் ஒரு செயற்பாட்டு வரைவிலக்கணம் வேண்டும்: ‘இந்த ஆய்வில் மனச்சோர்வுள்ளவர் என்றால், இன்ன கேள்விகளுக்கு இன்ன புள்ளிக்கு மேல் எடுத்தவர்’ என்று ஒரு வரி. பிறகு அந்த அளவுகோலுக்கு இரண்டு சோதனை. திரும்பத் திரும்ப அளந்தால் ஒரே விடை வருகிறதா என்பது நம்பகம். அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்பது தகுதி. ஒவ்வொரு மூட்டைக்கும் தவறாமல் இரண்டு கிலோ குறைத்துக் காட்டுகிற தராசு நம்பகமான தராசுதான். நெல்லு விக்கப் போனவனுக்குத்தான் அதால் பிரயோசனமில்லை.

எங்கட அபிப்பிராயம் இது: வன்னியைப் பற்றி வருகிற எண்கள் பாதி வன்னியைச் சொல்கின்றன, மிச்சம் பாதி அந்த வரைவிலக்கணத்தைச் சொல்கின்றன. அந்த ஒரு வரியை ஆர் எழுதினது, எங்கே இருந்து எழுதினது, ஆரை மனசில் வைத்து எழுதினது எண்டு கேக்காமல், வீதத்தை மட்டும் தூக்கிக்கொண்டு முகநூலில் சண்டை பிடிக்கிறோம்.

இரண்டு எண்களைப் பார்ப்போம். 1994இல் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் மருத்துவர் சிவயோகனும் பிரித்தானிய உளமருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். போருக்குள் வாழ்ந்த பொதுமக்கள் நூறு பேர் வரையில் பார்த்ததில் 27 வீதமானவர்களுக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் இருந்தது. 2009 ஜூலை தொடக்கம் செப்ரெம்பர் வரை யாழ். மாவட்டத்தில் 1517 வீடுகளைத் தெரிந்து இன்னொரு ஆய்வு நடந்தது. 2011இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. அதில் அதே நோய் 7 வீதம். பதகளிப்பு 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம்.

27இலிருந்து 7. இடையில் பதினைந்து வருசப் போரும் இடப்பெயர்வும் சுனாமியும். அப்ப சனத்துக்குச் சுகம் வந்திட்டுதோ? அப்படி ஒருத்தர் வாசித்தால் அவரைக் குறை சொல்ல ஏலாது, எண் அப்படித்தான் நிக்குது. ஆனால் கருவி வேறு, ஆக்கள் வேறு, காலம் வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘குறைஞ்சிட்டுது’ என்பதோ, ‘முந்தினது மிகைப்படுத்தல்’ என்பதோ, முழத்தில் அளந்த வேலியையும் மீற்றரில் அளந்த வேலியையும் ஒப்பிடுகிற வேலை.

இரண்டாவது ஆய்வில் பாவித்தது ஹாவர்ட் மனவடு வினாக்கொத்து. அமெரிக்காவுக்கு அகதிகளாய்ப் போன கம்போடிய, லாவோ, வியட்நாமியச் சனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. ஒவ்வொரு அறிகுறிக்கும் 1 முதல் 4 வரை புள்ளி. சராசரி 2.5ஐத் தொட்டால் நோய் இருக்கலாம் என்பது வழமையான எல்லைக்கோடு. அந்த 2.5 வானத்திலிருந்து விழவில்லை. அங்கே சிகிச்சைக்கு வந்த அகதிகளை மருத்துவர்கள் பார்த்துச் சொன்னதோடு ஒப்பிட்டு எடுத்தது. வேறு சமூகத்துக்குக் கொண்டுபோனால் அந்தச் சமூகத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அதைச் செய்தவர்களே சொன்னார்கள். ஆனால் பிரயாணத்தில் அறிவுரை தொலைந்து போகும், எண் மட்டும் பத்திரமாய் வந்து சேரும்.

யாழ்ப்பாணத்தில் அந்த ஆய்வைச் செய்தவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. 2009இல் அப்படி ஒன்றைச் செய்து முடித்ததே பெரிய காரியம். அதே மாதங்களில் வன்னிச் சனத்தில் பெரும்பாலானோர், இரண்டரை லட்சத்துக்கு மேல், செட்டிகுளம் மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் முள்ளுக்கம்பிக்குள் இருந்தார்கள். ஆகக் கூடுதலாய் அனுபவித்த ஆக்கள் பெரும்பாலும் அந்த எண்ணுக்கு வெளியில். பிறகு வன்னிக்குள் தொண்டு நிறுவனங்கள் வேலை செய்ய ஜனாதிபதி செயலணியின் அனுமதி வேண்டியிருந்தது; கட்டடம் கட்ட அனுமதி கிடைத்த அளவுக்கு உளசமூகப் பணிக்குக் கிடைக்கவில்லை. கேட்கவே விடாத காலத்தில் எண்ணும் இல்லை.

சரி, கேள்விகளுக்கு வருவோம். இந்த மாதிரி வினாக்கொத்துகளில் ஒரு அறிகுறி: எப்போதும் விழிப்பாக, தற்காப்பாக இருப்பது. சிவில் உடையில் வந்து, பேரைக் கேட்டு, ‘போன கிழமை எங்க போனனீங்கள்’ எண்டு விசாரித்துப் போகிற ஊரில், விழிப்பாய் இருப்பது நோயா, புத்தியா? ஒரே நடத்தை. ஆபத்து முடிந்த இடத்தில் அது அறிகுறி, முடியாத இடத்தில் அது கெட்டித்தனம். எது எண்டு பெட்டிக்குத் தெரியாது.

இன்னொரு அறிகுறி: நடந்ததை நினைவூட்டும் இடங்களையும் காரியங்களையும் தவிர்ப்பது. முள்ளிவாய்க்காலில் வீடு இருக்கிறவர் எதைத் தவிர்ப்பார்? சந்திக்குப் போற பாதையே அந்தப் பாதைதான், தோட்டம் கொத்துகிற மண்ணும் அந்த மண்தான். தவிர்க்க வழியில்லாதபடியால் அவர் ‘இல்லவே இல்லை’ என்பார். உண்மையும் அதுதான். ஆனால் அந்த உண்மையால் அவருடைய சராசரி இறங்குகிறது. ரொறன்ரோவில் இருந்துகொண்டு ஊர்ப் படத்தைக்கூடப் பார்க்கமாட்டேன் என்கிற அவருடைய தம்பிக்கு ஏறுகிறது. 

நித்திரையைப் பற்றியும் ஒரு கேள்வி எப்பவும் இருக்கும். காலபோக நெல்லு முற்றுகிற நேரத்தில் வன்னியில் போய் அதைக் கேட்டுப் பாருங்கோ. யானைக்குக் காவல் இருந்து விடிய வந்து படுக்கிற மனிசன், “எங்க தம்பி நித்திரை” எண்டுதான் சொல்லுவார். அதையும் ஒருத்தர் 4 எண்டு போட்டிருப்பார், நிச்சயமாய்.

இதெல்லாம் அளக்கப்படுகிற பக்கத்தின் குழப்பம். எதனால் எது வந்தது என்று சொல்ல மறுபக்கத்தில் ஒரு சாரா மாறி வேண்டுமே. எங்கட நாட்டு ஆய்வுகளில் அது அடிக்கடி ‘இடம்பெயர்ந்தவர் – மீள்குடியேறியவர்’ என்ற பிரிப்பு. யாழ்ப்பாண ஆய்வும் அந்தப் பிரிப்பைப் பாவித்தது. இடம்பெயர்ந்து இருந்தவர்களுக்கு அறிகுறிகள் கூட என்று கண்டது. கேட்க நியாயமாய்த்தான் இருக்கிறது. ஆனால் வன்னியில் ‘மீள்குடியேறியவர்’ எண்டால் ஆர்?

2012 செப்ரெம்பர் கடைசியில் மெனிக் பாமை மூடினார்கள். இடம்பெயர்ந்தோர் முகாம் இனி இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. கடைசியாய் ஏற்றி அனுப்பப்பட்டவர்களில் கேப்பாப்புலவுக் குடும்பங்களும் இருந்தன. அவர்களுடைய காணியில் படைமுகாம் இருந்தது. ஆகவே அவர்களைக் கொண்டுபோய் இறக்கியது சீனியாமோட்டைக் காட்டில். சொந்தக் கிணறும் தென்னையும் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம். பதிவேட்டில் அவர்கள் முகாமை விட்டுப் போனவர்கள். ‘முகாமை விட்டு வெளியேறியவர் = மீள்குடியேறியவர்’ என்று ஒரு வரி எழுதினால் இடம்பெயர்ந்தவர் தொகை பூச்சியம். ‘சொந்தக் காணிக்குத் திரும்பியவர் = மீள்குடியேறியவர்’ என்று எழுதினால் அது பூச்சியமில்லை. 2017இல் அந்தச் சனம் முகாம் வாசலில் இரவு பகலாய்க் குந்தியிருந்தது இந்த இரண்டு வரைவிலக்கணத்துக்கும் இடையிலான தூரத்துக்காகத்தான்.

இப்ப ஒரு ஆய்வாளர் வந்து அவர்களை ‘மீள்குடியேறியவர்’ பக்கத்தில் போட்டு, அங்கேயும் மனச்சோர்வு குறையவில்லை என்று கண்டால் என்ன முடிவுக்கு வருவார்? ‘மீள்குடியேற்றம் மனநலத்தைப் பெரிதாக மாற்றவில்லை’ என்றா? கணக்குப் பிழையில்லாமல் செய்து பிழையான ஊருக்குப் போய்ச் சேருகிறது இப்படித்தான்.

இதைவிட எங்களை உறுத்துகிற பெட்டி ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்திலேயே வரும்: குடியியல் நிலை. திருமணமாகாதவர், திருமணமானவர், விதவை, பிரிந்து வாழ்பவர். படிவம் தூக்கின எல்லாருக்கும் அந்த நிமிசம் தெரியும். பேனை பேப்பருக்கு மேலே நிக்கும். அந்த அக்கா பொட்டு வைத்திருப்பார். 2009 மே மாதம் வட்டுவாகலில் மனிசனைக் கையளித்தவர். ‘திருமணமானவர்’ எண்டு போட்டால் அடுத்த பக்கத்தில் கணவரின் தொழில், கணவரின் வருமானம், கணவர் குடிப்பவரா எண்டு வரிசையாய் வரும். ‘விதவை’ எண்டு போட எங்களுக்கு ஆர் உரிமை தந்தது? ‘பிரிந்து வாழ்பவர்’ எண்டு ஒருமுறை போட்டோம். அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது இப்பவும் காதுக்குள் இருக்கிறது: “நானோ தம்பி பிரிஞ்சனான்?”

2017 பெப்ரவரி 20 தொடக்கம் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தாய்மார் இருந்தது இந்தப் பெட்டியில் ஏற மறுத்துத்தான். மரணச் சான்றிதழ் எடுங்கோ, நட்டஈடு தாறம் எண்டு சொன்னபோது வேண்டாம் எண்டவர்கள். அந்தப் பந்தலில் இருந்த பல பெற்றோர் பிள்ளையைக் காணாமலே செத்தும் போச்சினம். சட்டம்கூட 2016இல் கொஞ்சம் இளகியது: மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு இடம் வைத்தார்கள். சட்டம் புதுப் பெட்டி ஒன்றைத் திறந்த பிறகும் எங்கட வினாக்கொத்துகள் திறக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆவது பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதில் நீடித்த துக்கம் ஒரு நோயாய்ச் சேர்ந்திருக்கிறது: நெருங்கிய ஒருவரின் இறப்புக்குப் பிறகு, ஆறு மாதத்துக்கு மேலாகியும், அந்தப் பண்பாட்டின் வழமையை மீறி ஆளை வாட்டுகிற துக்கம். அமெரிக்கப் பட்டியலில் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம். இரண்டிலும் கணக்கு இறப்பிலிருந்துதான் தொடங்குகிறது. கந்தசாமி கோயிலடித் தாய்க்கு எந்த நாளிலிருந்து எண்ணுவது? கையளித்த நாளிலிருந்தா, கடைசியாய்ப் படத்தில் கண்டதாய் ஆரோ சொன்ன நாளிலிருந்தா? பௌலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், வியட்நாம் போரில் காணாமற்போன படைவீரரின் குடும்பங்களோடு வேலை செய்தவர், இதுக்கு ஒரு பேர் வைத்தார். தமிழில் சொன்னால் முடிவு தெரியாத இழப்பு. அந்த எண்ணக்கரு பல பத்தாண்டுகளாய் இருக்கிறது. எங்கட படிவங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

குடிப்பழக்கத்தைப் பற்றியும் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆறு நாடுகளில் பார்த்து உருவாக்கிய பத்துக் கேள்விச் சோதனை ஒன்று எல்லா இடமும் ஓடுகிறது. எட்டுப் புள்ளியைத் தொட்டால் கவனிக்க வேண்டிய குடி. அதில் இரண்டாவது கேள்வி, குடிக்கிற நாளில் எத்தனை ‘பானம்’ குடிப்பீர்கள் என்பது. ஒரு பானம் எண்டால் 10 கிராம் தூய மதுசாரம் எண்டு கணக்கு. பியர் ரின்னுக்கு இதைக் கணக்குப் பார்க்கலாம், லேபிளில் வீதம் போட்டிருக்கும். கசிப்புக்கு என்ன லேபிள்? ஒவ்வொரு பரலும் ஒவ்வொரு காரம். கால் போத்தல், அரைப் போத்தல் எண்டு சொல்லுவினம், அதையும் மூன்று பேர் பங்குபோட்டுக் குடித்திருப்பினம். நாங்கள் ஒவ்வொரு வீட்டிலும் மனசால் ஒரு எண்ணைச் செய்து எழுதினோம். கிளிநொச்சியில் ஒருத்தர் செய்த எண்ணும் வவுனியாவில் இன்னொருத்தர் செய்த எண்ணும் ஒரே நிரலில் போய் இருக்கும்.

இனி எங்களுக்குப் பிடித்த விசயத்துக்கு வருவோம்: சொல்.

எங்கட அம்மம்மாமார் ‘எனக்கு மனச்சோர்வு’ எண்டு சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ‘ஒரே யோசினை’ என்பார்கள். ‘நெஞ்சுக்குள்ள அடைக்குது’, ‘உடம்பு உளையுது’, ‘தலை விறைக்குது’ என்பார்கள். ஒண்டும் சொல்லாமல் பெருமூச்சு விடுவார்கள். பெருமூச்சு எங்கட ஆக்களிடம் வெறும் மூச்சில்லை, ஒரு முறைப்பாடு. 1994 ஆய்வில் மனத்தின் நோ உடம்பில் வெளிப்படுவது 41 வீதம், மனவடு நோயைவிடக் கூட. சோமசுந்தரம் இந்த மாதிரியான முறைப்பாடுகளைப் பற்றித் தன் எழுத்துகளில் தொடர்ந்து கவனப்படுத்தியவர். உள்ளூர் மருத்துவர் ஒருத்தர் கேட்டபடியால்தான் அது எண்ணுக்குள் வந்தது எண்டு நாங்கள் நினைக்கிறோம்.

‘யோசனை’ என்ற சொல்லையே எடுங்கோ. சென்னையில் யோசனை எண்டால் ஒரு ஐடியா, ஒரு ஆலோசனை. இங்கே அது விட்டு விலகாமல் மண்டைக்குள் சுத்துகிற கவலை. வினாக்கொத்தை மொழிபெயர்த்தால் ஒரு பரிசோதனை செய்வார்கள்: தமிழாக்கியதை இன்னொருத்தரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கி, மூலத்தோடு பொருந்துகிறதா எண்டு பார்ப்பது. ‘அளவுக்கு மீறிக் கவலைப்படுதல்’ என்பதற்கு வன்னிக்குச் சரியான தமிழ் ‘யோசினை கூட’ என்பதுதான். ஆனால் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குகிறவர் ‘நிறையச் சிந்திக்கிறார்’ எண்டு எழுதுவார். மேசையில் இருப்பவர், ‘பிழை, மாத்துங்கோ’ என்பார். சரியான சொல் வெட்டுப்பட்டு, முற்றத்தில் ஒருத்தருக்கும் விளங்காத ‘மிதமிஞ்சிய மனக்கிலேசம்’ உள்ளே வரும். பிறகு படிவம் தூக்கின பிள்ளை வாசலில் நின்று தன்பாட்டில் விளக்கம் சொல்லும். முப்பது பிள்ளைகள் எண்டால் முப்பது விளக்கம். நம்பகம் போகிற இடம் அதுதான், கணினியில் இல்லை.

இதுக்கு மாற்று வழி இல்லாமலில்லை. காயத்ரி பெர்னாண்டோ என்ற இலங்கை உளவியலாளர், அமெரிக்காவில் படிப்பிக்கிறவர், தலைகீழாய்த் தொடங்கினார். அறிகுறிப் பட்டியலைக் கொண்டுவந்து ‘இது இருக்கா, அது இருக்கா’ எண்டு கேட்காமல், போரையும் சுனாமியையும் கண்ட இலங்கையரிடம் நடந்ததைச் சொல்லச் சொல்லி, தாக்கப்பட்ட ஆளையும் தேறின ஆளையும் எப்படி அடையாளம் காண்பீர்கள் எண்டு கேட்டார். அந்த விடைகளிலிருந்து வினாக்கொத்தைச் செய்து 2008இல் வெளியிட்டார். அவர் கண்டதில் முக்கியமானது: எங்கட சனம் பாதிப்பை மண்டைக்குள் மட்டும் வைத்துப் பார்ப்பதில்லை. உறவு முறிவது, குடும்பத்தில் தன் கடமையைச் செய்ய ஏலாமல் போவது, ஊரோடு ஒட்டாமல் தனிச்சுப் போவது, இதெல்லாம் நோயின் விளைவில்லை, நோயே அதுதான்.

உழுந்து காயப்போட்ட அம்மா கேட்டதும் அதுதானே? ‘ஆற்ர எதிர்காலம்?’ கேள்வி அவருடைய தனி எதிர்காலத்தைக் கேட்டது, அப்படி ஒன்று அவரிடம் இல்லை. சோமசுந்தரம் 2010இல் வன்னிச் சனத்தைப் பற்றி எழுதியபோது நேர்காணல்களோடு கடிதங்களையும் வரைபடங்களையும் கவிதைகளையும் சேர்த்துப் பார்த்து, தனியாளை விட்டுக் குடும்பத்தையும் ஊரையும் அலகாய் எடுத்தார். கூட்டு மனவடு என்ற சொல்லை இங்கே ஊன்றியவர் அவர். அதை எண்ணாக்குவது கஸ்டம். ஆனால் எண்ணாக்கச் சுகமானதை மட்டும் அளந்துவிட்டு, அதுதான் இருக்கிறது எண்டு சொல்வது நேர்மையில்லை.

எப்ப கேட்கிறோம், ஆர் கேட்கிறோம் என்பதும் அளவுகோலுக்குள் அடக்கம். ‘கடந்த இரண்டு வாரங்களில்’ எண்டு தொடங்குகிற கேள்வியை மே மாதக் கடைசியில் முல்லைத்தீவில் கேட்டால் ஒரு எண் வரும். நெல்லு வித்துக் கையில் காசு இருக்கிற மாசி பங்குனியில் கேட்டால் வேறு எண் வரும். கிராம அலுவலரோடு போனால் ஒரு விடை, தனியப் போனால் இன்னொரு விடை. பேர் பதிந்தால் வீடு வரும், ஆடு வரும் எண்டு நினைக்கிற இடத்தில் கஸ்டம் கொஞ்சம் கூடச் சொல்லுவினம். புலனாய்வோ எண்டு சந்தேகப்படுகிற இடத்தில் ‘எல்லாம் சுகம்’ எண்டு கேற்றடியிலேயே முடிப்பினம். அறிக்கைகள் திகதியைப் போடும். கதவைத் தட்டினபோது பக்கத்தில் ஆர் நின்றது எண்டு போடாது.

இவ்வளவும் சொன்னதால் ‘எங்கட வலியை அளக்க ஏலாது, விடுங்கோ’ எண்டு சொல்லவரவில்லை. அந்தக் கதை எங்களுக்குச் சரிவராது. அளக்காத ஊருக்கு உளமருத்துவர் வரமாட்டார், ஆலோசகருக்குப் பதவி உருவாகாது, திறைசேரியில் ஒரு சதமும் ஒதுக்கமாட்டினம். போரால் தாக்கப்பட்டோம் எண்டு கவிதையில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் கவிதை மட்டும்தான் மிஞ்சும். 7 வீதம் எண்ட எண் பிழை என்பதும் எங்கட வாதமில்லை. அது ஒரு கருவி, ஒரு எல்லைக்கோடு, ஒரு காலத்து யாழ். மாவட்டம் ஆகியவற்றின் எண். அதைப் பாவிக்கிறவர் அந்த மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேணும்.

எங்கட கோபம் வெளியில் இருந்து வாறவர்களில் மட்டுமில்லை. வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கிளிநொச்சி வளாகத்திலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கிற எங்கட நண்பர்களே இறுதி வருட ஆய்வுக்கு என்ன செய்கிறார்கள் எண்டு தெரியும்தானே. இணையத்திலிருந்து ஒரு அளவுத்திட்டம் இறக்கி, இரவோடு இரவாய்த் தமிழாக்கி, கூகிள் படிவத்தில் ஏற்றி, வட்சப் குழுவில் போட்டு, ‘மச்சான் ஒருக்கா நிரப்பி விடு’. நிரப்புகிறவர் இருக்கிற வகுப்புத் தோழர். தலைப்பில் ‘போரால் பாதிக்கப்பட்ட வன்னி இளைஞர்’ எண்டு இருக்கும். நாங்களும் செய்தோம், மறுக்கவில்லை. வெள்ளைக்காரன்ர வரைவிலக்கணம் எண்டு திட்டுகிற வாயால், சொந்தமாய் ஒரு வரைவிலக்கணம் எழுதிப் பார்த்தோமா?

படிவத்தை எடுக்க முன்னம் பத்து வீட்டில் போய்க் குந்தியிருந்து கதையுங்கோ. ‘இந்த ஊரில் ஆர் நல்லாய் இருக்கினம், எப்படித் தெரியும்?’ எண்டு கேட்டுப் பாருங்கோ. குடியியல் நிலையில் ‘கணவர் / மனைவி காணாமலாக்கப்பட்டவர்’ எண்டு ஒரு பெட்டி கூட்டுவதற்கு எந்தப் பேராசிரியரும் தடை சொல்லமாட்டார். ‘மீள்குடியேறியவர்’ எண்டு எழுதினால், அடைப்புக்குறிக்குள் சொந்தக் காணியா, மாற்றுக் காணியா எண்டு கேளுங்கோ. மற்றது, முடிவைக் கொண்டுபோய் அந்தச் சனத்திடம் வாசித்துக் காட்டுங்கோ. எங்கட அனுபவத்தில் ஒரு ஆய்வாளரும் இதுவரை அதைச் செய்யவில்லை. நாங்களும் உட்பட.

நாங்கள் ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கிறோம். துக்கம், பயம், கவலை, ஆறுதல், தேறுதல் இதுகளுக்கு வன்னியில் உண்மையில் புழங்குகிற சொற்களைச் சேர்க்கிறோம். இதுவரை வந்ததில் யோசினை, அந்தரம், ஏக்கம் பிடிச்சது, மனம் விட்டுப்போச்சு, விறைச்சுப்போனது, ஆள் தெளிஞ்சிட்டுது எல்லாம் இருக்கிறது. ‘அந்தரம்’ எண்டால் அவசரமா, பதற்றமா, இரண்டுக்கும் நடுவில் ஏதாவதா எண்டு எங்களுக்குள்ளேயே இன்னும் முடிவில்லை. துணுக்காய்க்காரர் ஒண்டு சொல்கிறார், ஒட்டுசுட்டான்காரர் இன்னொன்று சொல்கிறார். உங்கட வீட்டில் என்ன சொல்லுவினம், எந்த நேரத்தில் சொல்லுவினம் எண்டு எழுதி அனுப்புங்கோ. இந்த வருசம் ஆய்வு செய்கிறவர்கள் தங்கட வினாக்கொத்தின் தமிழையும் அனுப்பலாம். அம்மம்மாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கோ.